குமரியில் ஒரு குரூஸ்: கம்பெனி போன பிறகு கார் வைத்திருப்பது

பழைய செவர்லே குரூஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் மைலேஜ் கேட்பார்கள். அப்புறம், "கம்பெனியே இங்கே இல்லையே, ஸ்பேர் கிடைக்குமா?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஸ்பேர் கிடைக்கும். ஆனால் வண்டி நின்ற பிறகு தேடினால் வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். தேயும் முன்பே வாங்கி வீட்டில் வைத்திருந்தால் ஒரே நாளில் வேலை முடியும். இந்தக் காரை வைத்திருப்பதில் பாதிப் பாடு இதுதான். மீதிப் பாதி, நம் மாவட்டத்து மழையிடமிருந்தும் உப்புக் காற்றிடமிருந்தும் அதைக் காப்பாற்றுவது.

என்னுடையது 2011 மாடல், டீசல், மேனுவல் கியர், சன்ரூஃப் உள்ள எல்.டி.இசட். வேரியன்ட். வீடு தக்கலைக்கு மேற்கே, சுற்றிலும் ரப்பரும் தென்னையும். வேலைக்காக நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி.

அமெரிக்கக் கார் மேல் ஆசை வந்தது சவுதியில் இருந்தபோது. அங்கே பழைய ஃபோர்டு கிரவுன் விக்டோரியாக்கள் மலிவாகக் கிடைக்கும். 4.6 லிட்டர் வி-8 எஞ்சின், நீளமான பானெட், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் முதுகு வலிக்காது. ஊருக்கு வந்த பிறகு அப்படி ஒன்று வேண்டும் என்றால் வழியில்லை. காடிலாக், லிங்கன் எல்லாம் நம்மூர் ஷோரூம்களுக்கு வந்ததே இல்லை. இங்கே பெரிய அமெரிக்க செடான் என்று தேடினால் செவர்லேயும் ஃபோர்டும்தான். அதில் குரூஸ் 2009-ல் அறிமுகமானபோதே பத்து லட்சத்தைத் தாண்டிய கார். 1991 சி.சி. டீசல், 150 குதிரைத்திறன். அன்றைக்கு அந்த விலையில் அவ்வளவு சக்தி அபூர்வம். இன்றைக்கு அதே கார் ஒரு நல்ல பைக்கின் விலைக்குச் சற்று மேலே கிடைக்கிறது என்றால் காரணம் ஒன்றே ஒன்று. 2017 மே மாதம் செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வருடக் கடைசியோடு ஷோரூம்கள் மூடின. குரூஸ் தயாரான குஜராத்தின் ஹாலோல் தொழிற்சாலையில் இப்போது எம்.ஜி. கார்கள் தயாராகின்றன.

பெயர் அமெரிக்கப் பெயர் என்றாலும் காரின் வேர் வேறு எங்கோ இருக்கிறது. ஸ்பேர் தேடுகிறவருக்கு இது பெரிய விஷயம். குரூஸ் பெருமளவு கொரியாவில் உருவானது. அங்கே டேவூ லசெட்டி பிரீமியர் என்ற பெயரில் 2008-லேயே வந்துவிட்டது. எஞ்சினின் மூல வடிவமைப்பு இத்தாலியின் வி.எம். மோட்டோரி உடையது. இதே குடும்பத்து எஞ்சின்தான் செவர்லேயின் கேப்டிவாவிலும் ஆப்ட்ரா மேக்னம் டீசலிலும் இருந்தது. ஆகவே, குரூஸ் தெரியாது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் "ஆப்ட்ரா டீசல் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பார்த்திருந்தால் அவருக்கு இந்த எஞ்சின் பாதி தெரியும். இன்னொன்று, 2012-ல் எஞ்சின் மாறி 166 குதிரைத்திறன் ஆனது. இரண்டும் டீசல், இரண்டும் இரண்டு லிட்டர் என்றாலும் உள்ளே பல சாமான்கள் வேறு. கடைக்காரரிடம் "குரூஸ் டீசல்" என்று மட்டும் சொன்னால் போதாது, வருடத்தையும் சேசிஸ் நம்பரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வாங்கும் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் பழைய கார் தேடுகிறவர் கண் எப்படியும் களியக்காவிளையைத் தாண்டும். திருவனந்தபுரத்தில் நல்ல பராமரிப்பில் இருக்கும் கார்கள் நிறைய உண்டு, என்னுடையதும் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கேரள வண்டி பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அங்கே எத்தனையோ கார்கள் மூழ்கின. அவற்றில் பல கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற வண்டியில் வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை ஒரு கோடாகத் தெரியும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் விரலை ஓட்டினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள போல்ட் தலைகளில் துரு, இவையும் அடையாளம். இத்தனை எலக்ட்ரானிக்ஸ் உள்ள காரில் ஒருமுறை தண்ணீர் ஏறிவிட்டால் வயரிங் கோளாறு வந்துகொண்டே இருக்கும். விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

பேப்பர் வேலை அலைச்சல்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. வண்டி பதிவான கேரள ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு விற்றவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30. இவை கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. வண்டி மேல் அபராதம் பாக்கி இருந்தால் என்.ஓ.சி. அங்கேயே நின்றுவிடும் என்பதால் பேரம் பேசும் முன்பே வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கம் வந்ததும் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி, டி.என். 74 அல்லது 75 நம்பர் வாங்க வேண்டும். கே.எல். நம்பரிலேயே காலத்தை ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அப்படி வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. சாவி இரண்டும் கேட்டு வாங்குங்கள், ஒன்றுதான் இருக்கிறது என்றால் விலையில் குறையுங்கள். இந்தக் காருக்கு இன்னொரு சாவி செய்து புரோகிராம் பண்ணுவது செலவும் அலைச்சலும் பிடித்த வேலை.

இனி ஸ்பேர். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எந்தச் சாமானைக் கழற்றினாலும் அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் போனில் படம் பிடித்து, நோட்டில் எழுதி, எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினேன், எந்தக் கிலோமீட்டரில் மாற்றினேன் என்று பக்கத்திலேயே குறித்துவிடுவேன். ஜெனரல் மோட்டார்ஸ் சாமான்களில் இந்த எண்தான் எல்லாம். ஒரே எண் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் செல்லும். ஐரோப்பாவில் ஜெனரல் மோட்டார்ஸின் பிராண்டாக இருந்த ஓப்பலின் ஆஸ்ட்ரா காரின் ஒரு தலைமுறையும் குரூஸும் ஒரே அடித்தளத்தில் உருவானவை, அதனால் சில சாமான்கள் ஓப்பல் பெயர் போட்ட டப்பாவில்கூட வரும். எண் சரியாக இருந்தால் டப்பாவின் பெயரைப் பற்றிக் கவலையில்லை.

நாகர்கோவிலில் ஃபில்டர், பிரேக் பேட், பல்பு மாதிரி சாதாரணச் சாமான்கள் சொல்லிவைத்தால் வந்துவிடும். அதற்கு மேல் என்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, டெல்லி காஷ்மீரி கேட் வியாபாரிகள். போனில் எண்ணைச் சொன்னால் கூரியரிலோ ஆம்னி பஸ் பார்சலிலோ அனுப்பிவிடுகிறார்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. அங்கே கதவுக் கண்ணாடி மோட்டார், சைடு மிரர், டெயில் லாம்ப், ஏ.சி. பேனல் மாதிரியானவற்றைத் தைரியமாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டைமிங் சம்பந்தப்பட்ட எதையும் நான் பழசாக வாங்குவதில்லை.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கிறோம், அங்கே குரூஸ் ஏராளமாக ஓடியது. லீவுக்கு வரும் மச்சானிடமோ தம்பியிடமோ ஒரு சின்னப் பார்சல் சொல்லலாம். ஆனால் அங்கே ஓடியவை பெட்ரோல் வண்டிகள், அதுவும் ஸ்டீயரிங் இடப்பக்கம். எஞ்சின் சாமான் எதுவும் நம் டீசலுக்குச் சேராது. ஹெட்லைட் வாங்கினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், ஏனென்றால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான லென்ஸ். வைப்பர் சட்டமும் மாறும். கதவுக் கைப்பிடி, பீடிங், உள்ளே உள்ள கிளிப், பட்டன் இவையெல்லாம் நன்றாகச் சேரும். சஸ்பென்ஷன் சாமான் என்றால் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்லாதீர்கள். அங்கிருந்து சுமந்து வந்த பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது.

என் அலமாரியில் எப்போதும் இருப்பவை: ஆயில், டீசல், ஏர் ஃபில்டர்கள் ஒரு செட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், இன்டர்கூலர் ஹோஸ், முன்பக்க லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பேட். ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த வயதில் எந்தக் காருக்கும் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் போகும். இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இளகிப்போய் வெடித்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம், கரும்புகை, இழுவையே இருக்காது. டர்போ போய்விட்டது என்று பதறவைத்துப் பெரிய தொகை கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

மெக்கானிக் விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன். நாகர்கோவிலில் எனக்கு வண்டி பார்க்கும் அண்ணன் முன்பு சர்வீஸ் சென்டரில் இருந்தவர், இப்போது சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருக்கிறார். போன் பண்ணினால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்.

"மக்கா, சாமான் கையில இருக்கா?"

"இருக்குண்ணே, லிங்க் ராட் ரெண்டும் இருக்கு."

"அப்போ காலத்த கொண்டு விடு, வைட்டு எடுத்துட்டுப் போ. சாமான் வராம வண்டிய இங்க கொண்டாந்து போட்டுராத. எனக்கும் இடமில்ல, ஒனக்கும் வண்டி இல்ல."

அவரிடம் ஸ்கேனர் இருக்கிறது, நானும் போனில் இணைக்கும் சின்ன ஓ.பி.டி. ரீடர் ஒன்று வைத்திருக்கிறேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கோளாறு எண் (கோட்) என்ன என்று பார்த்து அவருக்கு அனுப்பிவிடுவேன். பாதி நேரம், ஓட்டலாமா நிறுத்த வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எஞ்சினில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று டைமிங் பெல்ட். இது செயின் வைத்த எஞ்சின் அல்ல. ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அந்த ரிப்பேர்ச் செலவு காரின் விலையையே எட்டிவிடும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். பெல்ட் ரப்பர், வருடம் போனாலே போய்விடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால் வாங்கிய உடனே மாற்றிவிடுங்கள். டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து. பிரித்துப் போட்ட கையோடு செய்தால் கூலி ஒரே கூலி. ஆயிலுக்கு டெக்சோஸ் 2 தரத்தில் 5டபிள்யூ-30, கூலன்ட்டுக்கு ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல் வகை. பச்சைக் கூலன்ட்டையோ குழாய்த் தண்ணீரையோ அதோடு கலக்கவிடாதீர்கள். வழியில் அவசரத்துக்கு ஊற்ற வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் டிக்கியில் கிடக்கட்டும்.

இப்போது மழை. ஆனி, ஆடியில் தென்மேற்கு, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் நமக்கு உண்டு. சன்ரூஃப் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சன்ரூஃபைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும், அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கித் தண்ணீரைக் கீழே விடும். எங்கள் வீட்டு முன்னால் ஒரு புளியமரம். புளிய இலை சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது, ஆனால் நனைந்து பத்து இலை சேர்ந்தால் அந்தக் குழாயின் வாய் அடைபட்டுவிடும். அப்போது தண்ணீர் கூரைத் துணி வழியாக இறங்கிக் கால் மிதியடிக்கு அடியில் தேங்கும், அங்கேதான் வயரிங் போகிறது. மே கடைசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை சன்ரூஃபைத் திறந்து வாய்க்காலை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுவேன். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக வந்தால் சரி. வரவில்லை என்றால் புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் நூலை ஒரு முழம் வெட்டி மேலிருந்து மெல்ல விட்டு எடுப்பேன். கம்பி விடக்கூடாது, குழாய் கிழியும். ஏர் அடிக்கவும் கூடாது, உள்ளே இணைப்பு கழன்றுவிடும். வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டிலும் இதே இலைகள் சேரும், அதையும் வாரிவிடுங்கள்.

உப்பு, மழையைப் போலச் சத்தம் போடாமல் வேலை செய்யும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை நீண்டு கிடக்கும் மாவட்டம் இது. முட்டம், குளச்சல் பக்கம் வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டுத் திரும்பினால் கண்ணாடியில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அது வண்டியின் அடியிலும் இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கோ மறுநாளோ நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உள்பக்கத்தையும் கழுவிவிடுவேன். ஏ.சி. கண்டன்சரின் அலுமினியத் தகடுகளையும் உப்பு அரிக்கும், முன்பக்கக் கிரில் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் போதும். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. நம் ஊர்க் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம். அப்புறம் எர்த் வயர். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் அந்தக் கறுப்புக் கேபிளின் முனையில் பச்சையாகப் பூத்திருந்தால், ஸ்டார்ட் பண்ணும்போது சம்பந்தமே இல்லாத விளக்குகள் எல்லாம் எரியும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் அடங்கும். ஏதோ கம்ப்யூட்டரே போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

எலியைச் சொல்லாமல் விட முடியாது. ரப்பர்த் தோட்டத்துப் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருதடவை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே தேங்காய்த் தும்பைக் கிழித்து மெத்தை போட்டு வைத்திருந்தது, ஃபில்டரின் ஒரு மூலை தூளாகிக் கிடந்தது. அதற்குப் பிறகு காற்று உள்ளே போகும் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை வைத்துக் கட்டியாகிவிட்டது. எஞ்சின் சூடு படாத மூலையில் துணியில் முடிந்த புகையிலைக் காம்பு, மாதம் ஒருமுறை புதிது. ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு. வண்டியை ஒரு வாரம் சும்மா நிறுத்தாமல் இருப்பதுதான் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் வைத்திருக்கிறாய் என்று வீட்டிலும் கேட்பார்கள். மார்த்தாண்டம் கடைத்தெருவில் கேட்டால் எனக்கும் பதில் சொல்லக் கஷ்டம். நாலரை மீட்டருக்கு மேல் நீளம், மூக்கு தாழ்வு, ஊர் வேகத்தடைகளில் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும், பின்சீட்டில் கால் வைக்க இடமும் தாராளம் என்று சொல்ல முடியாது. ஊருக்குள் லிட்டருக்குப் பத்து, பதினொன்றுதான் கொடுக்கிறது. ஆனால் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி கணவாயைக் கடக்கும்போது கேளுங்கள். முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும், சின்னக் கார்கள் பக்கவாட்டில் அலையும். இந்தக் கார் தன் எடையோடு அசையாமல் நேராகப் போகும். மூன்றாவது கியரில் லாரியை முந்தும்போது டர்போ பிடிக்கும் அந்த இழுவை, கதவைச் சாத்தினால் வரும் கனமான சத்தம், ராத்திரியில் டேஷ்போர்டின் நீல வெளிச்சம். திருநெல்வேலி போய்த் திரும்பினாலும் களைப்பே இருக்காது. நெடுஞ்சாலையில் பதினைந்துக்கு மேல் கொடுக்கும். இந்தக் காரை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால்தான் இத்தனையும்.

ஒன்று மட்டும் யாருக்கும் சொல்வேன். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். முதல் வருடத்திலேயே டைமிங் பெல்ட், புஷ்கள், டயர், பேட்டரி, எல்லா ஃப்ளூயிடும் என்று அது போய்விடும். கிளட்ச் நழுவுகிறதா என்று வாங்கும் முன்பே மேட்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கிளட்ச்சோடு டுயல் மாஸ் ஃப்ளைவீலும் சேர்ந்தால் அது தனிச் செலவு. வீட்டில் இருப்பதே ஒரு கார், தினமும் காலையில் அது கிளம்பியே ஆகவேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் இன்னொரு சின்னக் கார் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டும் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாகச் சொன்ன பிறகு, அந்தக் கார்களை வைத்திருப்பவர்களும் என்னிடம் இதே கேள்விகளைக் கேட்கிறார்கள், பதிலும் இதேதான்.

என் வண்டிக்கு 2026 செப்டம்பரில் பதினைந்து வருடம் முடிகிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் படிவம் 25, காருக்கு ரூ.5,000 கட்டணம், அதோடு பசுமை வரி, இன்ஸ்பெக்ஷன். தேறினால் இன்னும் ஐந்து வருடம். ஆர்.சி. முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஆனால் வண்டியைத் தயார் செய்வதை அதுவரை தள்ளிப்போட முடியாது. வலப்பக்கக் கதவின் அடியில் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, முன்பக்க பம்பரில் கீறல்கள், ஹெட்லைட் ஒன்று மங்கல். ஹெட்லைட் டெல்லியிலிருந்து வந்து அலமாரியில் இருக்கிறது. டிங்கரிங்கும் பெயின்ட்டும் மே முடிவதற்குள் முடித்தாக வேண்டும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் பெயின்ட் காயாது.